மாமனுக்கு ஆகாத பல்

தொடர்ந்து நான்காவது நாளாக மத்தியானச் சாப்பாடு கேரியரில் வந்து இறங்கியபோது டாக்டர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கண்டிக்கு மாற்றலாகி வந்த இந்த இரண்டு வருஷத்தில் அவன் ஒரு நாளாவது பல் கிளினிக்கில் இருந்து சாப்பிட்டதுண்டா? பன்னிரண்டு மணி அடித்ததோ இல்லையோ, வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, ஹந்தானைக்கு ஏறுகிற வழியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவான். சாப்பாடு என்பது சும்மா ஒரு சாட்டு. எட்டு மாதக் குழந்தை யசோவைத் தூக்கி, வயிற்றில் வாயை வைத்து ‘புர்ர்’ என்று ஊதி, அவள் கெக்கட்டம் விட்டுச் சிரிப்பதைக் கேட்கத்தான் அந்த ஏற்றமெல்லாம் ஏறுவது. இது அக்காவுக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும், வழியில் படுத்திருக்கிற நாய்களுக்கும் தெரியும்.

கேரியரைக் கொண்டுவந்தவர் அத்தான் நவரட்ணராஜாதான். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொல்ல வேண்டி வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

“அக்காவுக்கு என்ன கோபம் என்னோட?”

“கோபமோ? சீச்சீ. உனக்கு இந்த வெய்யிலுக்குள்ள ஏறி இறங்கக் கஷ்டமெண்டு...” கண்ணாடி கழன்றது.

“அத்தான், வெளியில மழை பெய்யுது.”

“ஓம், மழையுந்தான்,” என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு ஆள் மறைந்தே போனார்.

சிறிக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் அவனுக்குச் சிறி என்றுதான் பெயர். என்ன குற்றம் செய்தேன் என்று யோசித்தான். போன கிழமை அக்கா ஒரு பெண்ணின் படத்தைக் காட்டியபோது, ‘முன்பல்லு கொஞ்சம் எடுப்பு’ என்று சொன்னான். பல் டாக்டரிடம் படத்தைக் காட்டினால் வேறு எதைப் பார்ப்பான்? அதற்கா நாலு நாள் வீட்டுப் பக்கம் வராதே என்பது? இரஞ்சிதம் அக்கா அப்படிப்பட்டவள் இல்லையே. அவள் கோபம் காலையில் வந்தால் மத்தியானம் முருங்கைக்காய்க் குழம்பாக மாறிவிடும்.

இரண்டு மணிக்குத் திகனயில் இருந்து ஆஸியா உம்மா வந்தாள். துணிக்கடை நஸீமின் மனைவி. ஆறு வயது மகனை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து கதிரையில் ஏற்றிவிட்டு, அழத் தயாராக நின்றாள்.

“டாக்டர், வாய்க்குள்ள பாருங்களேன். கடைசியில நீலமா ஒரு கட்டி வந்தீக்கி. ராவெல்லாம் எனக்கிக் கண்ணு மூடல்ல. புத்துநோயோ என்னமோ, யா அல்லாஹ்!”

சிறி பையனின் வாயைத் திறந்து பார்த்தான். கீழே, கடைவாய்ப் பால்பல்லுக்குப் பின்னால், ஈறு ஊதி நீலம் பாரித்து நின்றது. விரல் நுனியால் அமுக்கினான், மெத்தென்று உள்வாங்கியது. பையன் முகம் சுளிக்கவில்லை. டோர்ச்சைப் பக்கத்தில் பிடித்தான். உள்ளே தண்ணீர் என்பதால் வெளிச்சம் ஊடுருவி, அந்தக் கொப்புளம் முழுவதும் சிவப்பாய் ஒளிர்ந்தது. அவ்வளவுதான், வேலை முடிந்தது.

“பெரிய பல்லு வருது. வாற வழியில முரசுக்கும் பல்லுக்கும் நடுவில கொஞ்சம் தண்ணி தங்கி நிண்டிட்டுது. பல்லு மேல வர, அது தானா உடைஞ்சு போயிடும். பயப்பிட ஒண்டுமில்லை.” முரசு என்பது அவன் ஊரில் ஈறுக்குப் பெயர். கண்டிக்கு வந்தும் அந்தச் சொல் நாக்கை விட்டுப் போகவில்லை.

“அப்ப மருந்து?”

“வேண்டாம்.”

“ஊசி?”

“அதுவும் வேண்டாம். பாணை முறுகலாச் சுட்டுக் கடிக்கக் குடுங்கோ.”

ஆஸியா உம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வந்தவளிடம் பாண் ரொட்டி கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? “அப்ப டாக்டர்மார் என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டு, ஆனால் முகமெல்லாம் மலர்ந்து, மகனை முத்தமிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

சிறி இந்த மாதிரிக் கொப்புளங்கள் முப்பதுக்குக் குறையாமல் பார்த்திருப்பான். ஒன்றிலும் அவன் கத்தி வைத்ததில்லை. பொறுத்திருப்பதுதான் இதற்கு வைத்தியம் என்று பேராதனையில் படிப்பித்த பேராசிரியர் சொன்னதை அவன் அப்படியே நம்பியிருந்தான்.

வாசலில் அடுத்த ஆளாகக் காத்திருந்தவள் வடிவம்மா. அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு. அவள் புருஷன் கறுப்பையாவுக்கு முனிசிபாலிட்டியில் வேலை. ஆடுகிற கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவள், உள்ளே நடந்த கதை முழுவதையும் காதில் வாங்கிக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தாள்.

“நல்லவேளை, நானும் பயந்தே போயிட்டேன் டாக்டரு தம்பி. இதே மாதிரிதானே ஒங்க அக்கா புள்ளைக்கும் வந்திருக்கு! மேல் ஈறுல, கருநீலமா, நாவப்பழம் கணக்கா நிக்குது. ரெண்டு நாளா பாலே குடிக்க மாட்டேங்குது. ஒரே கத்தல். தம்பிக்கிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க பாருங்க...” என்று சொல்லி வந்தவள், சொல்லிவிட்டதை உணர்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குட்டு வெளிப்பட்டது. சிறி எழுந்தே விட்டான். வடிவம்மாவின் பல்லை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னபோது அவளும் மறுக்கவில்லை. வலி எங்கே போனதென்றே தெரியவில்லை என்றாள். தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று, கொதிக்க வைத்துத் துணியில் சுற்றிய சின்னக் கத்தி ஒன்று, பஞ்சு, காயத்துக்கு வைக்கும் வலைத்துணி, ஸ்பிரிட், ஈறை விறைக்கப் பண்ணும் களிம்பு, டோர்ச். எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு, மழையையும் பாராமல் ஏறத் தொடங்கினான்.

அவனுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கியதைவிட, ஏன் என்ற கேள்விதான் அதிகம் வாட்டியது. பல் டாக்டரான சொந்தத் தம்பி கூப்பிடு தூரத்தில் இருக்கிறான். குழந்தைக்கு வாய்க்குள் கட்டி. அதை அவனுக்கு மறைப்பதென்றால் அக்காவுக்கு என்ன பிடித்தது? மேல் ஈறு என்று வடிவம்மா சொன்னது பாதி வழியில்தான் அவன் மண்டையில் ஏறியது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டான்.

மேல்பல்லு! குழந்தைக்கு இன்னும் ஒரு பல்லும் முளைக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கீழ்ப்பல்தான் முதலில் வரும். மேல்பல் முந்திக்கொண்டு வந்தால் அது தாய்மாமனுக்கு ஆகாது. அவன் ஊரில் இதை அறியாதவர்கள் இல்லை. யசோவுக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு தாய்மாமன். அந்தத் தாய்மாமன்தான் இப்போது நடுரோட்டில் நனைந்துகொண்டு நிற்பது.

அக்கா கதவை அரைவாசி திறந்து, மறு அரைவாசியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். நாலு நாளில் முகம் வற்றிப்போயிருந்தது.

“நீ ஏன் வந்தனி?”

“என்ர மருமகளைப் பாக்க.”

“அவள் நித்திரை. பேந்து வா.”

உள்ளே இருந்து குழந்தை வீரிட்டது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “நல்ல நித்திரைதான்,” என்று சொல்லி, அவளை மெல்ல விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

யசோ மாமாவைக் கண்டதும் அழுகையை நிறுத்திக் கையை நீட்டினாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான். மடியில் கிடத்தி மேலுதட்டைத் தூக்கினான். ஈறின் நடுவில் கொப்புளம் கறுத்து, விறைத்து நின்றது. டோர்ச்சைப் பிடித்தான். வெளிச்சம் போகவில்லை. உள்ளே தண்ணீர் இல்லை, இரத்தம். விரல் பட்டதும் குழந்தை துடித்துப் போனாள். தானாக வந்த கட்டி இவ்வளவு முறுகி இப்படிக் கறுக்காது.

“அக்கா, இதுக்கு என்ன செய்தனி? உண்மையைச் சொல்லு.”

இரஞ்சிதம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். கடைசியில், “அமத்தினனான்,” என்றாள்.

“என்னது?”

“பெருவிரல்ல துணியைச் சுத்தி, மணித்தியாலத்துக்கு ஒருக்கா அமத்தினனான். பல்லு உள்ள போகுமெண்டு. கீழ் முரசை மோதிரத்தால தேய்ச்சும் பாத்தன், கீழ்ப்பல்லு கெதியா வரட்டுமெண்டு. ஒண்டும் வரேல்லை.”

“உனக்கென்ன விசரே? வாற பல்லை ஆராவது உள்ள தள்ளுறதே? நீ அமத்தி அமத்தித்தான் உள்ளுக்க இரத்தம் கட்டியிருக்கு! அப்பிடியே விட்டிருந்தா ஒரு கிழமையில தானா உடைஞ்சிருக்கும். ஒரு சொல்லு என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?”

“உன்னட்டை என்னண்டு சொல்லுறது?” அக்கா வெடித்தாள். “உனக்கு ஆகாத பல்லை, உன்னையே கூப்பிட்டுப் பாரெண்டு காட்டச் சொல்லுறியோ? எனக்கெண்டு இருக்கிறது நீ ஒராள்தானேடா! கலியாணம் முடிச்சு ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இவள் வந்தாள். இவளும் வேணும், நீயும் வேணும் எனக்கு. நான் என்ன செய்ய?”

கோபத்தோடு ஏறி வந்தவன் டோர்ச்சை அணைத்துக் கீழே வைத்தான். அவன் இதைச் சிரித்துத் தள்ளியிருக்கலாம். சிரிக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. அவனுக்கும் மேல்பல்தான் முதலில் வந்தது. அவன் ஊரான சுழிபுரத்தில், எட்டு மாதக் குழந்தையாக அவன் மேல்பல்லைக் காட்டிச் சிரித்த அதே மாதத்தில், அவன் அம்மாவின் ஒரே தம்பி குணரத்தினம் நெருப்புக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவனுக்கு இன்னொரு பெயர் விழுந்தது: மாமன்தின்னி. கலியாண வீட்டில் சொல்வார்கள், செத்தவீட்டில் சொல்வார்கள். பகிடியாகத்தான் சொல்வார்கள், அந்தப் பகிடியைக் கேட்கும்போதெல்லாம் அம்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். பள்ளிக்கூடப் படம் எல்லாவற்றிலும் அவன் உதட்டை இறுக மூடிக்கொண்டுதான் நிற்கிறான். நெருப்புக் காய்ச்சல் கிருமிக்கு மேல்பல்லும் தெரியாது கீழ்ப்பல்லும் தெரியாது என்று படித்தறிய அவனுக்கு இருபது வருஷம் எடுத்தது.

“அக்கா, மாமா செத்தது காய்ச்சலில. அந்த வருஷம் ஊரில எத்தினை பேர் செத்தவை? எல்லாற்றை மருமக்களுக்கும் மேல்பல்லோ முளைச்சது?”

“எனக்கு உன்ர படிப்பெல்லாம் விளங்காது.”

“சரி, அதை விடு. இப்ப இதை ஒரு சின்னக் கீறல் கீறித் திறந்துவிட வேணும். ஒரு நிமிஷ வேலை. இரத்தம் வடிஞ்சா நோ போயிடும், பிள்ளை பால் குடிப்பாள்.”

“திறந்தாப் பல்லு தெரியுமோ?”

அவன் பொய் சொல்லவில்லை. “தெரியும்.”

“அப்ப வேண்டாம். இல்லையெண்டா வேற டாக்டரைக் கூட்டிக்கொண்டு வா.”

“வேற டாக்டர் கீறினா வேற பல்லோ வரப்போகுது?”

அக்கா குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்து, பால் கொடுக்கப் பார்த்தாள். யசோ பசியோடு ஆவென்று வாயை வைத்தாள். ஒரு இழுப்பு இழுத்தாள். கொப்புளம் பட்ட இடத்தில் நோ பிடிக்க, வாயை எடுத்துவிட்டு அலறினாள். திரும்பவும் வைத்தாள், திரும்பவும் அலறினாள். மூன்றாம் தரம் வாயை வைக்கவே இல்லை. தாயின் முகத்தைப் பார்த்து விம்மினாள், அவ்வளவுதான். எட்டு மாதப் பிள்ளை அப்படிப் பார்த்தால் எந்தத் தாய்க்குத்தான் மனம் தாங்கும்?

“செய்,” என்றாள் அக்கா.

இரண்டு பேரும் கை கழுவினார்கள். சவர்க்காரம் போட்டு, பிறகு ஸ்பிரிட்டும் தேய்த்து. இரண்டு கதிரையை எதிரெதிரே போட்டு முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள். குழந்தையின் கால்கள் தாயின் இடுப்போடு. தலை மாமன் மடியில். கிளினிக்கில் குழந்தைகளை இப்படித்தான் பிடிப்பது. தாய் முகம் குழந்தைக்குத் தெரிய வேண்டும். சிறி களிம்பைத் தடவி, விறைக்கும்வரை காத்திருந்தான். அந்த நேரத்தில் வழக்கம்போல் ‘புர்ர்’ என்று ஊதிக் காட்டினான். யசோ சிரிக்கவில்லை. கத்தியை எடுத்தான்.

எடுத்த கை அப்படியே நின்றது.

பயமா? அவனைக் கேட்டால் நல்லூர் முருகன் மேல் ஆணையிட்டு இல்லை என்பான். செத்துப் போவேன் என்று அவன் நினைக்கவில்லை. அவன் நினைத்தது வேறு. புதன்கிழமைதோறும் அவன் கிளினிக் ஜீப்பில் கடுகண்ணாவைக் கணவாயால் இறங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கப் போகிறான். அந்த வளைவில் லொறிகள் உருளுவதும் புதினமில்லை. ஒரு புதன்கிழமை ஏதாவது ஆகிவிட்டால்? மனிதனுக்கு எதுவும் ஆகலாம்தானே. ஆகிவிட்டால் இந்தக் குஞ்சை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? நாலு வயதில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஏதோவொரு கலியாண வீட்டில், பலகாரத் தட்டோடு நிற்கும்போது யாரோ ஒரு கிழடு சிரித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லும். அவள் அதற்கு என்ன அர்த்தம் என்று இரஞ்சிதத்திடம் போய்க் கேட்பாள். இதை நினைத்ததும் முப்பது கொப்புளம் பார்த்த டாக்டரின் விரல்கள் அசைய மாட்டேன் என்றன.

முழங்கால் முட்ட உட்கார்ந்திருப்பவளுக்கு எதிரில் இருப்பவனின் கை தெரியாமல் போகுமா?

“உனக்கும் பயந்தான்,” என்றாள் மெதுவாக.

“எனக்காக இல்லை, அக்கா.”

“தெரியும்.”

அவன் அடுத்த சொல்லை எடுக்குமுன், அவள் மடியில் விரித்து வைத்திருந்த சுத்தமான வலைத்துணியை எடுத்துச் சுட்டுவிரலில் சுற்றினாள். குழந்தையின் வாய்க்குள் விரலைக் கொடுத்து, கொப்புளத்தின் மேல் அழுத்தி ஒரே தேய்ப்பாகத் தேய்த்தாள். முறுகி மெலிந்து போயிருந்த தோல் பட்டென்று கிழிந்தது. கறுத்த இரத்தம் வழிந்து துணியை நனைத்தது. யசோ போட்ட சத்தத்தில் கிளினிக்கில் இருந்து திரும்பியிருந்த வடிவம்மா பக்கத்து வீட்டில் பாத்திரத்தைக் கீழே போட்டது கேட்டது.

“அக்கா!” சிறி கத்தியை எறிந்துவிட்டுத் துணியை வாங்கி அழுத்திப் பிடித்தான். “இப்பிடியே செய்யிறது? சொல்லாமல் கொள்ளாமல்!”

இரஞ்சிதம் அவனைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்து, அதற்கு மேலே இருக்கிறவனுக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்: “நான்தான் திறந்தனான். வடிவாப் பார். இது என்ர கை, இவன்ர கை இல்லை. வாறது எதெண்டாலும் எனக்கு வரட்டும். இவனைத் தொடக் கூடாது. சொல்லிப்போட்டன்!”

கடவுளுக்கே கட்டளை போட்ட அக்காவைச் சிறி ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தான். நாலைந்து நிமிஷத்தில் இரத்தம் நின்றது. துணியை எடுத்து, டோர்ச்சைப் பிடித்துப் பார்த்தான். கட்டி வற்றிப்போயிருந்தது. கிழிந்த தோலுக்கு நடுவே, குறுநொய் அளவு, பளிச்சென்று வெள்ளை. மேல்பல்தான். சந்தேகமே இல்லை.

குழந்தையைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்தான். விம்மிக்கொண்டே யசோ வாயை வைத்தாள். ஒரு இழுப்பு. நிறுத்தினாள், நோகிறதா என்று பார்த்தாள்போல. பிறகு இரண்டு நாள் பசியையும் சேர்த்து, மூச்சு விடாமல் இழுக்கத் தொடங்கினாள். இரஞ்சிதத்தின் கண்ணில் இருந்து தண்ணீர் குழந்தையின் தலையில் சொட்டியது. அவள் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

சிறி கதிரையில் அப்படியே சாய்ந்தான்.

“அக்கா, எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். ஆனா பிள்ளைக்கு அந்தப் பேர் மட்டும்...”

இரஞ்சிதம் குழந்தையை மறு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“உன்னை முதல் முதல் அப்பிடிச் சொல்லேக்க எனக்கு எட்டு வயசு, தம்பி. மாமான்ர செத்தவீட்டில. நான்தான் உன்னைத் தூக்கி வைச்சிருந்தனான். பெரியாக்கள் கதைக்கினமெண்டு வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். நீ ஒண்டும் விளங்காமல் அவையைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு இருந்தனி.” அவள் குரல் உடைந்து, உடனே நிமிர்ந்தது. “இப்ப எனக்கு முப்பத்தாறு. என்ர பிள்ளையை ஒருத்தர் அப்பிடிச் சொல்லிப் பாக்கட்டும். சொன்ன வாயில ஒரு பல்லு மிஞ்சாது. பேந்து பொய்ப்பல்லுக் கட்ட உன்னட்டைத்தான் ஓடி வருவினம்.”

“கட்ட மாட்டன்,” என்றான் சிறி, அழுதுகொண்டே. “ஒருத்தருக்கும் கட்டிக் குடுக்க மாட்டன், அக்கா.”